எருமப்பட்டி வண்டியில் ஒழுக்கு இல்லை

உங்கள் வண்டிகளில் பெட்ரோல் தொட்டி பின்னால் போய்விட்டது. கொடுத்து வைத்த மெக்கானிக்குகள் தம்பிகளே, நீங்கள். நான் தொழிலுக்கு வந்த காலத்துக் கார்கள் சிலவற்றில் அது டிரைவரின் முழங்காலுக்கு நேர் மேலே, இன்ஜினுக்கும் முன் கண்ணாடிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். பம்பு கிம்பு ஒன்றும் கிடையாது. மேட்டு வாய்க்காலிலிருந்து பள்ளத்து வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி பெட்ரோல் தானாகவே இறங்கி கார்புரேட்டருக்குப் போகும். தொட்டியின் மூடி முன் கண்ணாடிக்கு வெளியே நட்டநடுவில், வண்டிக்கு நெற்றி மாதிரி வட்டமாகத் தெரியும். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று காட்டும் அளவுகாட்டியை டேஷ்போர்டு வழியாகத் தொட்டியின் வயிற்றிலேயே செருகி, சுற்றிலும் ஒரு கார்க் வளையம் வைத்து இறுக்கியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட வண்டிக்குள் பெட்ரோல் நாற்றம் வந்தால் என்ன அர்த்தம்? மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஊர்வலம் போகிறோம் என்று அர்த்தம். அதனால்தான் நீங்கள் யாராவது “லேசா நாறுதுங்க, வேற ஒண்ணுமில்லை” என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லேசாவது, கனமாவது!

இப்போது சொல்லப்போவது இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் நடந்தது. பெட்ரோல் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பெட்ரோலை யாராவது கள்ளத்தனமாக விற்று அகப்பட்டால் சிறைதான், கேள்வி முறை கிடையாது. ஊரில் எவன் மேலாவது பெட்ரோல் வாடை அடித்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது நான் நாமக்கல்லில், சேலம் ரோட்டிலிருந்த ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக்.

ஷெட்டுக்கு ஒரு மேஸ்திரி. பெயர் வேண்டாம், அவர் இருந்தால் அவரே வேண்டாம் என்றுதான் சொல்வார். தொழிலில் கெட்டிக்காரர். பேச்சில் சிக்கனம். வண்டியைப் பார்த்துவிட்டு அவர் ஒரு வார்த்தை சொன்னால், வண்டிக்காரர் வேறு யாரையும் கேட்கமாட்டார். “மேஸ்திரியே சொல்லிட்டாருங்க” என்றால் அந்த ஊரில் பேச்சு முடிந்தது.

பெட்ரோல் தட்டுப்பாடு வந்த பிறகு அவர் ஷெட்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தார். எந்த வண்டி உள்ளே வந்தாலும் முதல் வேலையாகத் தொட்டி மூடியைத் திறந்து, டிரைவரின் கண் முன்னால் மூங்கில் குச்சியை விட்டு அளவு பார்க்க வேண்டும். வெளியே போகும்போதும் அதே மாதிரி பார்த்துக் காட்ட வேண்டும். “உங்க ஷெட்டுல உறிஞ்சிட்டீங்க” என்று யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது அல்லவா? நல்ல வழக்கம்தான். அந்த நல்ல வழக்கம்தான் ஒரு மனிதரைச் சிறை வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தியது.

எருமப்பட்டியிலிருந்து ஒரு பண்ணையாரின் கார் வந்தது. பழைய வண்டி, ஆனால் கண்ணாடி மாதிரித் துடைத்து வைத்திருந்தார் அதன் டிரைவர் அய்யாவு. ராசிபுரத்து நெசவுக் குடும்பம். தறிக்குழியில் உட்காரப் பிடிக்காமல் மோட்டாருக்கு வந்துவிட்டவர். வெடவெடவென்று உயரம். வண்டிக்குள் ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும் ஆள்.

“வண்டிக்குள்ள பெட்ரோல் நாத்தம் வருதுங்க மேஸ்திரி. எங்கிருந்து வருதுன்னு தெரியல” என்றார்.

வழக்கப்படி மூடியைத் திறந்து குச்சி விட்டோம். வண்டியை வேப்பமரத்தடியில் தள்ளி நிறுத்தினோம். குழாய், திருகு, கார்புரேட்டர், மூட்டுகள் எல்லாவற்றிலும் மேஸ்திரி விரலை ஓட்டி ஓட்டி மோந்து பார்த்தார். காய்ந்து கிடந்தது. நாங்களும் ஆளாளுக்கு மூக்கை நுழைத்தோம். ஒன்றுமில்லை. “ஒழுக்கு இல்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாளில் மறுபடியும் வண்டி வந்தது. மறுபடியும் குச்சி, மறுபடியும் வேப்பமர நிழல், மறுபடியும் “ஒழுக்கு இல்லை.” அதற்குப் பிறகும் ஒரு தடவை. அய்யாவுக்கு எங்களைப் பார்த்துக் கோபம்கூட வரவில்லை. ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கோடைக் காலைப்பொழுதில் பண்ணையாரே வண்டியோடு வந்து இறங்கினார். மோசமான மனிதர் என்று சொல்லமாட்டேன். கூலியாட்களைக் கை நீட்டி அடித்தார் என்று கேள்விப்பட்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகம் சரியாக இல்லை. அய்யாவுக்குக் காது கேட்கிற தூரத்திலேயே பேசினார்.

“மேஸ்திரி, எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லோணும். சந்தைக்குப் போறப்ப இருக்கற பெட்ரோல் திரும்பறப்ப இருக்கறதில்லீங்க. வண்டிக்குள்ள நாத்தம். இவன் வேட்டியில நாத்தம். ஒழுக்கு இருந்தாச் சரி. நீங்க இல்லைங்கறீங்க. ஒழுக்கு இல்லைன்னா, பின்ன ஆளுதானே எடுத்திருக்கோணும்?”

மேஸ்திரி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் குடுத்துட்டு ஆளோட வாரேன். அதுக்குள்ள இன்னொருக்காப் பாருங்க. நீங்க இல்லைன்னு சொன்னா இவன் அவங்களோட போகட்டும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அய்யாவு வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார். காப்பித்தண்ணி கொடுத்தால் வாங்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். குனிந்த தலை நிமிராமல் சொன்னார்: “ஜெயிலுக்குப் போறதுகூடப் பரவால்லீங்க. லைசென்சு போயிரும், தொலையட்டும், தறிக்கே போயிக்கலாம். என்ற பையன் பள்ளிக்கூடம் போறானுங்க. திருட்டுப்பய மவன்னு கூப்புடுவாங்கல்லங்க, அத எப்புடிங்க தொடைக்கறது?”

அந்த ஆள் திருடியிருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்துக்கொண்டு போலீஸிடம் என்ன பேசுவது? நம் தொழிலில் பரிதாபம் மட்டும் போதாது தம்பிகளே, எதையாவது கண்ணால் காட்ட வேண்டும். அதனால் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். இதுவரை நாங்கள் வண்டியைத்தான் பார்த்தோமே தவிர, அவரை உட்காரவைத்து ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டதில்லை.

“எப்பெப்ப நாறுதுங்க?”

“வெயில்ல நிறுத்திப் போட்டாத்தானுங்க. சந்தையில நிறுத்திட்டு, திரும்பி வந்து கதவத் தொறந்தாக் குப்புன்னு அடிக்கும்.”

“நிழல்ல நிறுத்தினா?”

“ரவைகூட இல்லீங்க.”

“ஓட்டத்துல ஏதாச்சும் தொந்தரவு?”

“தூரமாப் போனா சிலசமயம் மூச்சுத் திணறி நின்னுருமுங்க. பெட்ரோல் இருக்குதான்னு மூடியத் தொறந்து பாத்துட்டு மூடினா, மறுபடி ஓட ஆரம்பிச்சிரும். இப்பத்தான் எல்லாத்துலயும் கலப்படமாச்சே, அதான்னு இருந்துட்டேனுங்க.”

காரணம் அப்போதே எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒன்று மட்டும் உறைத்தது. அந்த வண்டியை நாங்கள் ஒரு தடவைகூட வெயிலில் வைத்துப் பார்க்கவில்லை. மூடியைத் திறக்காமலும் பார்க்கவில்லை. நோயாளி எப்போது நோய் வருகிறது என்கிறானோ, அப்போது வைத்தியன் அவனைப் பார்க்கவேயில்லை.

மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். வண்டியை ஒரு ஓட்டம் ஓட்டிச் சூடேற்றி, வெட்டவெளியில் நிறுத்தி, யாரும் கையை வைக்காமல் காத்திருக்கலாம் என்றேன்.

“பெட்ரோல் நாறுற வண்டிய இந்த வெயில்ல காயப் போடச் சொல்றயா? பத்திக்கிச்சுன்னா?” என்றார்.

“பத்திக்காதபடிக்குப் பாத்துக்கலாமுங்க. அந்த ஆளு போயிட்டா என்னங்க பண்றது?”

மேஸ்திரி தலையாட்டினார். பிறகு மணல் வாளிகளை எடுக்கச் சொன்னார். பீடி பிடிக்கிறவர்களை எல்லாம் ரோட்டுக்கு அந்தப்பக்கம் விரட்டினார்.

சேந்தமங்கலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, கோட்டைப் பாறைக்குக் கீழே ஒரு பொட்டலில் வண்டியை நிறுத்தினோம். கோடையில் அந்தப் பாறை வெயிலை வாங்கி நம் மேலேயே திருப்பி எறியும். வழக்கம்போல அய்யாவு பெட்ரோல் குழாயின் திருகை மூடினார். அவ்வளவு ஜாக்கிரதையான ஆள். பேட்டரி வயரைக் கழற்றி வைத்தோம். மூவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றோம்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு அய்யாவு தலையைத் தூக்கினார். “வந்திருச்சுங்க” என்றார். கதவைத் திறந்தோம். அவர் சொன்ன மாதிரியே குப்பென்று அடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அதை மல்லிகைப்பூ வாசனை என்றே சொல்லியிருப்பேன்.

உடனே மேஸ்திரியின் கை தானாகத் தொட்டி மூடிக்குப் போனது. பழக்கதோஷம். எந்த வண்டியானாலும் அந்தக் கை முதலில் அங்கேதான் போகும். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை அதற்கு முன்னாலும் யாரும் பிடித்ததில்லை, பின்னாலும் யாரும் பிடித்ததில்லை.

“தொறக்காதீங்க மேஸ்திரி. மொதல்ல கீழ பாத்துரலாமுங்க.”

அவர் கோபப்படவில்லை. குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்தார். நானும் மறுபக்கம் குனிந்தேன். அளவுகாட்டியைச் சுற்றியிருந்த கார்க் வளையத்தின் அடியில் ஒரு முத்து. அது பெருத்து, உருண்டு, தகட்டின் பின்பக்கமாக வழிந்து, கால்மிதிக்குப் போட்டிருந்த கித்தான் துணியில் இறங்கியது. அதன் பின்னால் இன்னொரு முத்து. துணி ஊறியிருந்தது. பெடலை மிதிக்கிறவரின் வேட்டி நுனி அந்தத் துணியில்தான் புரளும்.

“இப்பத் தொறங்க” என்றேன்.

மேஸ்திரி மூடியை மெதுவாகத் திருகினார். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு வந்தது. அவ்வளவுதான். அடியில் முத்து வருவது நின்றுவிட்டது. கண் முன்னால் நின்றுவிட்டது! ஷெட் வாசலில் நாங்கள் ஒவ்வொரு தடவையும் செய்தது இதைத்தான். திருடனைப் பிடிக்கப் போகிறவன் தமுக்கடித்துக்கொண்டு போன கதை.

மேஸ்திரி மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். தொட்டி மூச்சு விடுவதற்காக மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்க வேண்டும். அது அடைத்திருந்தது. மஞ்சளாகக் கெட்டியாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. திருப்பினோம். மேல்பக்கம் சந்தனம், அதன் நடுவில் குங்குமப் பொட்டு.

இது என்னவென்று அய்யாவைக் கேட்டோம். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு வளைவில் மாடு குறுக்கே வந்து, வண்டி வாய்க்காலில் இறங்கி, பண்ணையார் குடும்பத்தில் ஒருவருக்கும் கீறல்கூடப் படாமல் தப்பியிருக்கிறது. அன்றைக்கு அய்யாவு வேண்டிக்கொண்டாராம். அதற்கு முன் ஆயுத பூஜைக்கு மட்டும் பொட்டு வைத்தவர், அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வண்டியைக் கழுவி, சந்தனம் அரைத்து, அந்த நெற்றியில் அப்பி, குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் எடுப்பார். சாமிக்கு வைத்ததைச் சுரண்டக் கூடாது என்று பழையதன் மேலேயே புதியது. மேஸ்திரி மட்டும் என்ன? மூடியைத் திறக்கிறபோதெல்லாம் பொட்டு கலையாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகினார். நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அந்தப் பொட்டைக் காப்பாற்றியிருந்தோம்.

தொட்டிக்கு மூச்சில்லை. ஓடும்போது காற்று உள்ளே போக வழியில்லாமல் இன்ஜின் திணறுகிறது. வெயிலில் நிற்கும்போது ஆவி வெளியே போக வழியில்லாமல் பெட்ரோலை நெருக்குகிறது. கிழட்டுக் கார்க்தான் இளைத்தவன். அதன் வழியாக வெளியே வந்துவிடுகிறது.

அய்யாவு சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். “நானேதானுங்களா? என்ற கையாலயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டனா?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மேஸ்திரி குனிந்து அவர் தோளைத் தொட்டார். “அழுவாத சாமி. உன்ற கை பொட்டு வெச்சுது, அவ்வளவுதான். உன்னையத் திருடனாக்குனது என்ற வாயி” என்றார்.

நான் ஒரு ஊசியை எடுத்து ஓட்டையைக் குத்தப் போனேன். மேஸ்திரி இந்தத் தடவை என் கையைப் பிடித்தார். “இரு. குத்தாத. மூடிய அப்படியே திருப்பிப் போடு. பண்ணையாரு கண்ணால பாக்கட்டும். நாம சரி பண்ணிட்டு வாயில சொன்னா, டிரைவருக்குப் பரிஞ்சு பேசறோம்னு நெனப்பாரு” என்றார். ஒரு பழுதைக் கண்டுபிடித்ததும் நமக்குக் கை துறுதுறுக்கும். அந்தப் பழுதால் ஒரு மனிதர் மேல் பழி விழுந்திருந்தால், பழி சொன்னவர் வந்து பார்க்கிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது இது தெரியாது.

பண்ணையார் ஒரு போலீஸ்காரரோடு ஷெட்டுக்குப் போய், அங்கிருந்து வழி கேட்டுக்கொண்டு பொட்டலுக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் வண்டி மறுபடியும் நன்றாகக் காய்ந்திருந்தது. நாற்றத்தை மோந்ததும் போலீஸ்காரர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நாலு அடி தள்ளி நின்றார்.

மேஸ்திரி பண்ணையாரிடம் சுற்றி வளைக்கவில்லை. “ஒழுக்கு இருக்குதுங்க. இல்லைன்னு சொன்னது நாந்தானுங்க, தப்பாச் சொல்லிட்டேன். குனிஞ்சு பாருங்க.”

அந்த மனிதர் பட்டுக்கரை வேட்டியோடு மண்ணில் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். விரலை நீட்டி முத்தைத் தொட்டார். மோந்தார். மேஸ்திரி மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று வந்தது, முத்து நின்றது. பொட்டையும் அடைத்த ஓட்டையையும் காட்டினார். பண்ணையார் எழுந்து வெகு நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போலீஸ்காரர், “அப்ப நான் கெளம்பட்டுங்களா?” என்று கேட்டதற்குக்கூடத் தலையை மட்டும்தான் ஆட்டினார்.

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன். தேடிப் பார்த்தும் ஒரு பழுது அகப்படவில்லை என்றால் “எனக்குக் கிடைக்கலைங்க” என்று சொல்லுங்கள். “இல்லை” என்று சொல்லாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பமே விழுந்து போகிற அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. கிடைக்கலை என்று சொல்ல நமக்குக் கூச்சம். மெக்கானிக் என்ற கித்தாப்பு குறைந்துவிடும் என்று பயம். குறையட்டுமே! எங்கள் மேஸ்திரி அதற்குப் பிறகு கடைசிவரை அப்படித்தான் சொன்னார், அவர் மரியாதை எள்ளளவும் குறையவில்லை.

ஷெட்டுக்குத் திரும்பி ஓட்டையைக் குத்திவிட்டோம். புதிய கார்க் வெட்டிப் போட்டோம். அய்யாவு தம் துண்டாலேயே மூடியைச் சுத்தமாகத் துடைத்து, ரேடியேட்டரின் தலையில் ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். பண்ணையார் அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மேஸ்திரியின் பக்கம் திரும்பி, “நீங்களே அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, மனசுல வெச்சுக்க வேண்டாம்னு” என்றார்.

“நான் சொன்னதக் கேட்டுத்தானுங்க அவரு இன்னிக்குப் போலீசு முன்னால நின்னாரு. இன்னொரு வார்த்தை என்ற வாயில வராதுங்க” என்றார் மேஸ்திரி.

பண்ணையார் அய்யாவிடம் வந்தார். பண்ணையார்கள் டிரைவர்களிடம் ‘போ’ என்றும் ‘நிறுத்து’ என்றும் பேசுகிற காலம் அது. அவர் கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. “அய்யாவு, ஊட்டுக்குப் போலாமா?”

“போலாமுங்க எசமாங்க. கொண்டு போய் உட்டர்றேனுங்க. நாளையிலருந்து வேற ஆளப் பாத்துக்குங்க.”

“ஏன்டா? அதான் நீ எடுக்கலைன்னு தெரிஞ்சு போச்சே?”

“உங்களுக்கு இன்னிக்குத்தானுங்க தெரிஞ்சுது. எனக்கு மொதல்ல இருந்தே தெரியுமுங்க” என்று சொல்லிவிட்டு, அய்யாவு அவருக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.